முப்பதாம் சைஸ்

அத்தியாயம் ஒன்பது

வேலையை விட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள். "சொந்தமா ஆரம்பிச்சிருக்கேன்."

ஒன்பது வருடம் ஒரு பெரிய ஆடைக் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவள். சட்டையோ கவுனோ, துணியில் கத்தி படுவதற்கு முன்னால் அதைக் கெட்டிக் காகிதத்தில் பகுதி பகுதியாக வரைந்து வெட்டித் தர ஒருவர் வேண்டும். அங்கே அந்த ஒருவர் அவள்தான். அளவு நூலளவும் பிசகாது என்பதால் 'ஸ்கேல்' என்றே அவளைக் கூப்பிடுவார்கள்.

பிரசவ லீவு முடிந்து போன மூன்றாம் நாள், ஸ்டோர் ரூமில் நூல் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அன்று மாலையே ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டு மேஜை வேலை மேஜை ஆனதும், பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றின் முதலாளியம்மா அவளை நம்பி முதல் வேலையைக் கொடுத்ததும் நாம் பார்த்த கதைதான்.

அந்த முதலாளியம்மாவிடம் அவள் இரண்டு பொய் சொல்லியிருந்தாள். தனக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது என்பது ஒன்று. உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்பது இன்னொன்று. மூன்றாவது பொய் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தது.

போன் அடித்தபோது குழந்தை மாமனாரின் தோளில் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குழந்தையைச் சுமந்துகொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கும்போதுகூடத் திருப்பத்தில் உடம்பைச் சற்றுச் சாய்ப்பார். நாலரை மாதப் பேத்திக்கு அவர் வைத்திருந்த பெயர் செக்கர். "எந்த ஸ்டாப்புல ஏறுவான்னு தெரியாது. ஏறிட்டா வண்டி மொத்தமும் அடங்கிடணும்" என்பார்.

"மேடம், முப்பதாம் சைஸுக்குக் கை ஏற மாட்டேங்குது" என்றது போனில் முதலாளியம்மாவின் குரல்.

"ஏறலைன்னா?"

"கைக்குழி பெரிசா இருக்கு, கை சின்னதா இருக்கு. இழுத்துப் பிடிச்சுத் தைச்சா அக்குள்ல கிழியுது. மத்த சைஸ் எல்லாம் அழகா உட்கார்ந்துடுச்சு. முப்பது மட்டும் எண்பது சட்டை கையில்லாம கிடக்கு. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது."

அந்த நேரம் பார்த்துச் செக்கர் வாயைத் திறந்தாள். பசி அழுகை. மெதுவாகத் தொடங்கி மேலே ஏறும் அழுகை.

"அங்க என்ன, குழந்தை அழுவுதா?"

"பக்கத்து வீட்டுக் குழந்தைங்க" என்றாள் அவள். "ஆபீஸுக்கும் அவங்களுக்கும் ஒரே சுவரு."

சொல்லிக்கொண்டே திரும்பினாள். மாமனார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுபோயிருந்தது. அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குழந்தையைத் துண்டால் போர்த்திக்கொண்டு வெளியே படிக்கட்டுப் பக்கம் போய், கதவைச் சாத்தினார். போனில் கேட்டுவிடக் கூடாது என்று, தாழ்ப்பாள் சத்தம்கூட எழாமல் சாத்தினார். கோபமாக அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. என் பேட்டர்ன்ல தப்பு வர வாய்ப்பே இல்ல. வெட்டினவர்கிட்ட கேட்டுப் பாருங்க."

"அதான் நானும் நெனச்சேன். நம்ம கட்டிங் மாஸ்டருக்குப் போன மாசம்தான் ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. பேப்பர் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, எடுத்துக்கிட்டு ஒரு நடை வந்துடுங்க. வெச்சுப் பார்த்துடலாம்."

வெட்டி முடித்ததும் பேட்டர்னைத் திருப்பி வாங்கிவிடுவது கம்பெனியில் பழகிய பழக்கம். அதையே இங்கேயும் செய்திருந்தாள். அலமாரி மேலிருந்து சுருளை இறக்கி, கட்டைப் பிரித்து, முப்பதாம் சைஸ் கையை மட்டும் எடுத்து மேஜையில் பரப்பினாள்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அளந்தே பார்க்க வேண்டாம்.

எந்தத் துண்டுக்கும் இரண்டு கோடு உண்டு. உள்கோடு தைப்பதற்கு. அரை அங்குலம் தள்ளி வரும் வெளிக்கோடு வெட்டுவதற்கு. இந்தக் கையை அவள் உள்கோட்டிலேயே வெட்டியிருந்தாள். தைக்கத் துணியே விடவில்லை.

அது எந்த நாள் என்றும் நினைவு வந்தது. தடுப்பூசி போட்டதற்கு மறுநாள், நண்பகல். குழந்தைக்குக் காய்ச்சல். கீழே விட்டால் வீறிடுகிறது. இடது தோளில் சூடாக அதைச் சாய்த்துக்கொண்டு வலது கையால் வெட்டினாள். நடுவில் இரண்டு முறை நிறுத்திப் பால் கொடுத்தாள். திரும்பி வந்து எந்தக் கோட்டில் கத்தியை வைத்தோம் என்று பார்க்கவில்லை. கம்பெனியில் என்றால் இன்னொருவர் சரிபார்ப்பார். இங்கே வெட்டுவதும் அவள், சரிபார்ப்பதும் அவள்.

போனை எடுத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. முதல் வேலை. ஊரில் தையல்கூடம் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள். 'அந்த ஸ்கேலு, பிள்ளை பெத்ததும் கோணிப்போச்சு' என்று கம்பெனி வரைக்கும் போகும். வேலையை விட்ட இரவு அவள் கணவன், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "உன்னால முடியுமா?" அவளும் தயங்காமல் முடியும் என்றாள்.

புதுக் காகிதம் ஒன்றை உருவி விரித்தாள்.

இந்த முறை தோளில் குழந்தை இல்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. உள்கோடு, வெளிக்கோடு, மடிப்புக் குறி, நடுக் குறி. 'முப்பது, கை' என்று பழையதில் எழுதியிருந்த அதே சாய்வில் எழுதினாள். வெளிக்கோட்டில் கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. இவ்வளவு சுத்தமாக அவள் வெட்டிப் பல நாளாகியிருந்தது. புதியதைச் சுருளுக்குள் சேர்த்துக் கட்டினாள். பழையதைக் கிழிக்க மனம் வரவில்லை. குழந்தையின் மெத்தையைத் தூக்கி அடியில் செருகிவிட்டு, மேலே போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது படிக்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது. மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு நின்றிருந்தார்.

"என்ன, மருமக இன்னும் வேலைக்குப் போகலையா?"

"லீவுல இருக்கா" என்றார் மாமனார். "அடுத்த மாசம் போயிடுவா. கம்பெனில விட மாட்டேங்கறாங்க, எப்ப வர்றே எப்ப வர்றேன்னு போன் மேல போன்."

சொல்லி முடித்துத் திரும்பியவர் கதவோரம் அவளைப் பார்த்துவிட்டார்.

"பாட்டில்ல பால் இருக்கு மாமா. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்."

"சரிம்மா" என்றார் அவர், குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டே.

*

தையல்கூடம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. பன்னிரண்டு மெஷின். இஸ்திரிப் பெட்டியின் ஆவி. எங்கே கை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் நீலத் துணித் தூசு. சுவரோரம் கையில்லாத எண்பது சட்டை அடுக்கடுக்காகக் கிடந்தது.

முதலாளியம்மா கழுத்தில் அளவு நாடாவோடு காத்திருந்தார். வெட்டு மேஜையின் அந்தப் பக்கம் கட்டிங் மாஸ்டர் நின்றார். அறுபதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸும் கண்ணுக்கு விடும் மருந்துக் குப்பியும் இருந்தன.

"வாங்க மேடம்" என்று சொல்லி மேஜையைத் தன் கையாலேயே துடைத்து இடம்பண்ணிக் கொடுத்தார்.

அவள் புதுக் காகிதத்தை விரித்தாள். முதலாளியம்மா ஒரு துணிக் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். சுற்றிலும் அரை அங்குலம் காகிதம் வெளியே தெரிந்தது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக மெதுவாயின. எல்லோருக்கும் கேட்க வேண்டியிருந்தது.

"பாருங்க மாஸ்டர்" என்றார் முதலாளியம்மா.

மாஸ்டர் துணியை எடுத்துவிட்டுக் காகிதத்தை மட்டும் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு கட்டை விரலைக் காகிதத்தின் ஓரத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெல்ல இழுத்தார். திரும்பவும் அதே வழியில் கொண்டுவந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

இப்போது சொல் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அவள் வாய் திறக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. மார்பு கல்லாகக் கட்டி வலித்தது. சட்டையின் முன்பக்கம் நனைவது தெரிந்து மீதிச் சுருளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, தன் வேலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

"அப்ப என் கண்ணுதான் போல" என்றார் மாஸ்டர்.

"ஆபரேஷன் ஆனப்பவே சொன்னேன்ல, வீட்ல இருங்க, நல்லா ஆறட்டும்னு" என்று முதலாளியம்மா தொடங்கினார். தொடங்கியது நிற்கவில்லை. எண்பது ஜோடிக் கை என்றார். இந்த நீலத்தில் துணி இனிமேல் கிடைக்குமா என்றார். பார்வை சரியில்லாதவர் கையில் கத்தியைக் கொடுத்தது தன் தப்புதான் என்றார். கடைசியில், "நாளையிலேர்ந்து வீட்ல இருங்க மாஸ்டர், நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார்.

பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவர். கத்தரிக்கோலை ஒரு வெட்டுத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடைசி மெஷினில் இருந்த பெண் பாதி எழுந்து, எதையோ சொல்ல வந்து, மறுபடி உட்கார்ந்தாள். மாஸ்டர் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு படி இறங்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"உங்களை ஸ்கேல்னு கூப்பிடுவாங்களாமே" என்றார் முதலாளியம்மா. "சும்மா இல்ல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்களை அலைய வெச்சுட்டேன்."

"பரவாயில்லைங்க" என்று அவள் சிரித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடு இருக்கும் நிறுத்தம் வரைக்கும் சுருளை நெஞ்சோடு பிடித்தபடியே வந்தாள்.

*

குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. மாமனாரின் பனியன் முழுக்கச் சிந்திய பால்.

"பக்கத்து வீட்டுக் குழந்தை பாட்டிலைத் தொடவே இல்லம்மா" என்றார்.

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். குழந்தை முதலில் பாலைக் குடிக்காமல் தேம்பியது. பிறகு அவசர அவசரமாகக் குடித்தது. குடிக்கும்போதே அவள் விரல் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு அந்த விரலை உருவிக்கொள்ளத் தோன்றியது.

கூடத்துக்கு வந்தபோது மாமனார் பனியனை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, மேஜையில் கிடந்த காகித வெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும் என்ன மாமா" என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிட மேலே போய்விட்டது. "லீவுல இருக்கான்னு சொல்றீங்க. ஆறு வாரமா எல்லார்கிட்டயும் இதான் சொல்லிட்டிருக்கீங்களா?"

அவர் குனிந்தபடியே இருந்தார். "ஆமா."

"ஏன்?"

"கம்பெனில இருக்கான்னு சொன்னா அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கறதில்ல. வீட்லயே வேலைன்னா வரிசையா கேப்பாங்க. என்ன வேலை, ஏன் அதை விட்டா, சண்டையா, அனுப்பிட்டாங்களான்னு." கையிலிருந்த காகிதத் துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் மேஜை மேலேயே வைத்தார். "கூச்சமா இருந்துச்சும்மா. அவ்வளவுதான். நீ காலையில சொன்னதைக் கேட்டப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுது. உடனே வெளிய போய் நான் என்ன சொன்னேன் பாரு."

சண்டைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய், மெத்தையைத் தூக்கிப் பழைய காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தாள். சொன்னாள். எந்தக் கோட்டில் வெட்டினாள், காலையில் என்ன செய்தாள், அங்கே யார் என்ன பேசினார்கள், தான் என்ன பேசாமல் இருந்தாள், எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

கோடுகள் அவருக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையும் ஆட்டவில்லை. "அந்த மாஸ்டருக்கு என்ன வயசு?" என்றார்.

"அறுபது இருக்கும்."

"என்னைவிடச் சின்னவர்." சற்று நேரம் குழந்தையின் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தார். "எல்லார் முன்னாடியுமா கண்ணு சரியில்லைன்னாங்க?"

"ஆமா மாமா."

"எங்களுக்கு வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் இருக்கும். அதுக்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

அவள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள். மாற்றுத் துணி, துடைக்கும் துணி, பழைய காகிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டாள். குழந்தையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இதையுமா தூக்கிட்டுப் போறே?"

"இன்னொரு தடவை விட்டுட்டுப் போக என்னால முடியாது மாமா."

"அப்ப பையை யாரு தூக்கறது?" என்று சொல்லி அவர் சட்டையை மாட்டினார்.

*

நாலு மணி. தையல்கூடத்தில் மெஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. தோளில் குழந்தையோடு ஏறிவந்தவளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவள் முதலாளியம்மாவின் மேஜையில் பழைய காகிதத்தை விரித்தாள். "இதுதாங்க மாஸ்டர் வெச்சு வெட்டினது. தப்பு என்னுது. காலையில காட்டினது நான் புதுசா வெட்டினது."

முதலாளியம்மாவுக்குக் கேட்கவில்லையா, கேட்டதை நம்ப முடியவில்லையா என்று தெரியவில்லை. கையை உயர்த்தினார். மெஷின்கள் நின்றன.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அந்த அமைதியில் இன்னொரு தடவை சொல்வது முதல் தடவையைப் போல இல்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பன்னிரண்டு பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பாதி எழுந்து உட்கார்ந்த அந்தப் பெண் மட்டும் மடியிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா துணிக் கை ஒன்றை எடுத்துப் பழைய காகிதத்தின் மேல் வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"இது?" என்றார், குழந்தையைக் காட்டி.

"என் பொண்ணுங்க. காலையில போன்ல அழுதது இவதான்."

"ஆபீஸ்?"

"வீட்ல சாப்பாட்டு மேஜை."

"உதவிக்குப் பொண்ணு இருக்குன்னீங்களே?"

அவள் பதில் சொல்வதற்குள், "அது நான்தாங்க" என்றார் பின்னால் பையோடு நின்ற மாமனார்.

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"தப்பா வெட்டினதை நான் விட்டுடுவேன். நானும் வெட்டியிருக்கேன். குழந்தையை மறைச்சதையும் விட்டுடுவேன். என் ரெண்டு பிள்ளைங்களும் இந்த மெஷினுக்கு அடியில படுத்து வளர்ந்ததுதான். ஆனா புதுசா ஒண்ணு வெட்டி எடுத்துட்டு வந்து என் மேஜையில வெச்சீங்களே. அதை வெச்சு நான் அந்த மனுஷனை..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாடாவைக் கழுத்திலிருந்து உருவி விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "வீடு இங்கதான். பின்னாடி தெருவுல, தண்ணி டேங்க்குக்கு எதிர்ல மூணாவது மாடி. நீங்க போய்ச் சொல்லுங்க. எனக்கு இன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்கற தைரியம் இல்ல."

"சொல்றேங்க."

"நாளைக்குக் காலையில மாஸ்டர் வந்தா நீங்களும் வாங்க. இந்த எண்பதையும் என்ன பண்றதுன்னு உட்கார்ந்து பார்க்கலாம். அவர் வரலன்னா நீங்களும் வர வேண்டாம்."

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது அவர்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

*

மூன்று மாடி என்றதும் மாமனாரின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். அவள் ஏறினாள். ஏறும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டாள். அந்த நிபந்தனையை மாஸ்டரிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால், மன்னிப்புக் கேட்க வந்தவள் வேலை கேட்க வந்தவளாகிவிடுவாள்.

கதவைத் திறந்தது மாஸ்டர்தான். கண்ணில் அப்போதுதான் மருந்து விட்டிருப்பார் போல. கைக்குட்டையால் ஒரு கண்ணை ஒற்றிக்கொண்டே நின்றார்.

"மாஸ்டர், பேட்டர்ன்தான் தப்பு. நான் காலையில..."

"தெரியும்" என்றார்.

அவர் கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"ஒரு தடவை வெச்சு வெட்டின பேப்பர்ல ஓரமெல்லாம் சாக்பீஸ் ஏறியிருக்கும். துணித் தூசும் ஒட்டியிருக்கும். நீங்க கொண்டு வந்தது பிளேடு மாதிரி இருந்துச்சு. விரலை வெச்சதுமே தெரிஞ்சுடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"உங்களுக்காக விட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க." கைக்குட்டையை மடித்தார். "விரலுக்குத் தெரிஞ்சுது. ஆனா அம்மா கத்தக் கத்த, என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. தப்பா வெட்டினதும் நான், இப்பத் தப்பாத் தடவிப் பார்க்கறதும் நான்தானோன்னு. முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி எனக்கு வந்ததே இல்ல. வர்ற வழியில ரோட்டைத் தாண்டறதுக்குப் பயந்து அப்படியே நின்னுட்டேன். ஒரு ஸ்கூல் பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுச்சு."

வழியெல்லாம் அவள் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"என்கிட்ட சொன்னது போதும்" என்றார் மாஸ்டர். "உள்ள என் வீட்டுக்காரி பொண்ணோட போன்ல பேசிட்டிருக்கா, அப்பாவுக்கு இனிமே வேலை முடியாதுன்னு. அவகிட்டச் சொல்லுங்க."

உள்ளே ஒரே அறை. கட்டில் ஓரத்தில் அவர் மனைவி காதில் போனோடு உட்கார்ந்திருந்தார். அழுத முகம். "இரு, யாரோ வந்திருக்காங்க" என்று போனில் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். போனை வைக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

அன்று மூன்றாவது முறையாக அவள் அதையே சொன்னாள். இந்த முறை தன் பெண் குழந்தையைப் பற்றியோ, காய்ச்சலைப் பற்றியோ, முதல் வேலை என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தையும் அதில் சேர்க்கவில்லை. தப்பாக வெட்டினேன், மறைத்தேன், அவர் மேல் பழி விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

அந்த அம்மா போனை மறுபடி காதில் வைத்தார்.

"கேட்டுச்சா? அப்பா கண்ணு நல்லாத்தான் இருக்காம்" என்றார். அந்தப் பக்கம் மகள் என்ன கேட்டாளோ, "யாரோ ஒரு பொண்ணு" என்றார்.

மாஸ்டர் வாசல் வரைக்கும் வந்தார். "முதலாளியம்மா என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு உங்களை வரச் சொன்னாங்க."

"உங்களை?"

"என்னைப் பத்தி விடுங்க மாஸ்டர்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையாவது கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கீழே மாமனார் தண்ணீர் டேங்க்கின் நிழலில் நடந்துகொண்டிருந்தார். தோளில் செக்கர் தூங்கிப்போயிருந்தாள். ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து கணவன் எட்டு மணிக்கு வருவான். அவனிடம் இதை எங்கிருந்து தொடங்குவது என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை.

"என்னம்மா, வருவாரா?"

"தெரியல மாமா."

"கேட்டியா?"

"கேக்கலை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, நாளைக்கு எனக்கு வேலை இருக்கா இல்லையான்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

மாமனார் குழந்தை விழித்துவிடாமல் அவள் தோளுக்கு மாற்றிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.